அப்படியே சொல்லாதவள்

எங்கள் வீட்டு விஷயம் ஒரு பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் தையல்காரர். சட்டைக்குக் கழுத்தளவு எடுத்துக்கொண்டிருந்தார். நாடா என் தொண்டையைச் சுற்றியிருந்த நேரம் பார்த்து, "பேத்தி உங்களைப் பத்தி நல்லா எழுதியிருக்கு ஐயா" என்றார்.

"அவளுக்கு எழுத வராது. அஞ்சு வயசு."

"அவ சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினதாம். எங்க பையனைக் கூட்டிட்டு வரப் போனப்ப படிச்சேன். கழுத்துக்கு ஒரு விரல் இடம் விடட்டுமா?"

"என்ன எழுதியிருக்கு?"

"அதை நான் சொன்னா மரியாதையா இருக்காது. நீங்களே ஒரு எட்டு போய்ப் பாத்துடுங்க." நாடாவை உருவிக்கொண்டு, உதட்டில் குண்டூசியோடு சிரித்தார். "ரெண்டு விரலாவே விடறேன். படிச்ச பிறகு தேவைப்படும்."

நான் முப்பத்தாறு வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவன். சாட்சி என்ன சொன்னாலும், எப்படிச் சொன்னாலும், அதை அப்படியே எடுத்துத் தட்டச்சு செய்து கோப்பில் சேர்ப்பது என் வேலை. சாட்சி "வந்தாரு" என்றால் கோப்பிலும் "வந்தாரு"தான். "வந்தார்" என்று நான் ஒருநாளும் திருத்தியதில்லை. எத்தனையோ நல்ல குடும்பங்கள் கூண்டில் ஏறிச் சந்தி சிரித்ததை இந்தக் கையாலேயே எழுதியிருக்கிறேன். அதனால்தான் என் வீட்டுப் பேச்சு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன்.

தாண்டக்கூடாத பேச்சு ஒன்று இருந்தது. நானும் என் மகனும் மூன்று வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

அவனுக்கு அதே நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. என் பெயரால் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். என் பெயர் அதைக் கெடுக்கவில்லை. இரண்டு வருஷம் பார்த்தான். பிறகு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் சேர்ந்தான். எனக்கு அது தெரிந்தது நீதிபதியின் டிரைவர் மூலம். அன்று மாலை கேட்டேன். "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிற வேலைப்பா. கோர்ட்ல நானே மாட்டிக்கிட்டு இருந்தேன்" என்றான். "இனிமே இந்த வீட்டில என்கிட்ட பேசாதே" என்றேன். மற்ற எதிலும் என் சொல்லைக் கேட்காதவன் அந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டான்.

அவர்கள் மாடியில், நான் கீழே. ஒரே மின்கட்டணம், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே வாசல். பேசாமல் எப்படி நடக்கும்? முதலில் மருமகள் தூது போனாள். ஆறே மாதத்தில், "மாமா, மருந்துக்கடையில ஒரு கவுன்டர்ல நாள் பூரா நிக்கிறேன். வீட்லயும் ஒரு கவுன்டர் என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாள். அதற்குள் குழந்தைக்கு நன்றாகப் பேச்சு வந்திருந்தது. வேலை அவளுக்குப் போயிற்று.

பிறந்தபோதே கைக்குள் அடங்கியதால் அவளுக்குக் கடுகு என்று பெயர். காரமும் அதற்கேற்றபடிதான். "அவன்கிட்ட சொல்லு" என்று நான் தொடங்கினாலே போதும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து நிற்பாள். கேட்டுக்கொண்டு பதினாறு படி ஏறுவாள். பதிலோடு இறங்குவாள். மகனின் பதில்கள் எப்போதும் பணிவாகவே வந்தன. "அப்பா சாயங்காலம் பாக்கிறாராம். உங்க கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டாரு" என்பாள். "பரவாயில்லைன்னு சொல்லு" என்பேன். பையன் கெட்டுவிடவில்லை, வீம்புதான் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பில் சில நாட்கள் நன்றாகவே கழியும்.

தையல்காரர் சொன்ன மறுநாள் காலை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

பாலர் வகுப்பு கடைசி அறை. கதவு திறந்திருந்தது, ஆனாலும் பாடம் நடக்கும்போது உள்ளே நுழைவது முறையல்ல என்று ஜன்னலோரம் நின்றேன். பாடம் நடப்பதாகத் தெரியவில்லை. நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் இருபது குழந்தைகள். நடுவில் ஒரு பிய்ந்த குடை.

"குடை ஒடஞ்சு" என்றான் ஒரு சின்னப் பயல்.

"ஆமா, குடையோட கம்பி ஒடஞ்சு போச்சு" என்றாள் டீச்சர். "எப்படி ஒடஞ்சிருக்கும்?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து சுவர்க் கடிகாரம் தெரிந்தது. பத்து விநாடிக்கு மேல் ஆயிற்று. எங்கள் நீதிமன்றத்தில் எந்த வழக்கறிஞரும் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததில்லை.

"காத்து வந்து இழுத்துச்சு" என்றான் பயல். "குடை வரமாட்டேன்னுச்சு. காத்து விடமாட்டேன்னுச்சு."

"ரெண்டும் பிடிவாதம்" என்றாள் டீச்சர்.

"எங்க அக்கா மாதிரி" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கடுகும் சிரித்தாள். அவள் ஓரமாக, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அவள் தலைக்கு மேலேதான் அந்தச் சுவர். பெரிய எழுத்தில் எழுதிய தாள்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தந்தப் பிள்ளை கிறுக்கிய படம். மணி அடித்து, பிள்ளைகள் கை கழுவப் போனதும் உள்ளே போனேன். மூன்றாவது தாளில் மாடிப்படி வரைந்திருந்தது. படித்தேன்.

"எங்க வீட்ல தாத்தா கீழ இருக்காரு. அப்பா மேல இருக்காரு. ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. நான்தான் படியில போய்ப் போய் சொல்லுவேன். தாத்தா கோவமா சொல்லுவாரு. நான் கோவத்தை படியிலயே வெச்சிட்டுப் போவேன். தாத்தாவுக்கு கால் வலிக்குதான்னு அப்பா கேக்கவே மாட்டாரு. கேட்டாருன்னு நானா சொல்லுவேன். தாத்தா சிரிப்பாரு. அப்படியே சொன்னா சண்டை வரும். அதனால அப்படியே சொல்ல மாட்டேன்."

எத்தனையோ வாக்குமூலங்களை முகம் மாறாமல் எழுதியவன் நான். இதைப் படித்துவிட்டு, என் முகத்தை யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மூன்று வருஷமாக என் மகன் என் காலைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது எனக்குத் தெரியுமுன் தையல்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

டீச்சர் வந்து பக்கத்தில் நின்றாள். நான் யார் என்று சொல்லவேண்டி இருக்கவில்லை.

"இதைக் கழட்டுங்க" என்றேன்.

"கழட்டிடறேன் ஐயா. உங்க வீட்டு விஷயம், நீங்க சொன்னா கழட்டித்தான் ஆகணும். ஒட்டறதுக்கு முன்னாடி அவகிட்ட கேட்டேன். உங்ககிட்டயும் கேட்டிருக்கணும், அது என் தப்பு. ஆனா ஒரு விஷயம் கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவள் குரல் கரகரத்திருந்தது. நாள் முழுக்கப் பேசுகிறவளின் தொண்டை. கடுகு கீழ் வகுப்பிலிருந்து வந்தபோது அவளுடைய அட்டையில் 'வாய் திறப்பதில்லை' என்று எழுதியிருந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் அவள் வாயை மூடச் செய்வதுதான் கஷ்டம்.

"அங்க எல்லாமே திருப்பிச் சொல்ற பாடம்தான்" என்றாள் டீச்சர். "நான் சொல்றதைச் சொல்லுன்னு டீச்சர் சொல்வாங்க. இவ மாத்திச் சொல்வா. தப்புன்னு சொல்வாங்க. மறுபடியும் மாத்திச் சொல்வா. மறுபடியும் தப்பு. அப்புறம் பேசறதையே விட்டுட்டா. என்கிட்ட வந்தும் பதினொரு வாரம் ஒரு சத்தம் இல்ல. நானும் பேசுன்னு கேக்கல. பேசறதுக்கு ஏதாவது விஷயம் இருந்தாத்தான பேசும் குழந்தை? ஒரு நாள் ரெண்டு பேரு ஒரு மரக்கட்டைக்காக அடிச்சிக்கிட்டாங்க. இவ எழுந்து போனா. அவன்கிட்ட ஒண்ணு சொன்னா, இவன்கிட்ட வேற ஒண்ணு சொன்னா. சண்டை நின்னுபோச்சு. அன்னிக்குத்தான் நான் அவ குரலையே கேட்டேன்."

"அதுக்கும் இந்தத் தாளுக்கும் என்ன?"

"வெள்ளிக்கிழமை நிர்வாகி சார் பாக்கறாரு. அவர் அஞ்சு வாக்கியம் சொல்வாரு, பிள்ளைங்க அப்படியே திருப்பிச் சொல்லணும். சொல்லலைன்னா ஒண்ணாம் வகுப்பு கிடையாது, மறுபடியும் கீழ் வகுப்பு. இவ சொல்ல மாட்டா, எனக்குத் தெரியும். இந்தத் தாளை வெச்சுத்தான் நான் வாதாடலாம்னு இருந்தேன். பதினொரு வாக்கியம் ஐயா. ஒண்ணுக்கொண்ணு காரணம் சொல்லுது. அஞ்சு வயசுல 'அதனால'ன்னு சரியான இடத்துல போடறா."

எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு வகுப்பை இரண்டு முறை படித்ததில்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் சுவரில் படித்ததுமில்லை. இரண்டில் ஒன்றைக் காப்பாற்ற மற்றதைக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லவில்லைதான். ஆனால் விஷயம் அதுதான்.

"எழுதறதுதான் எழுதினீங்க, 'கோபத்தை'ன்னு திருத்தி எழுதக் கூடாதா? 'கோவம்'னு பொதுச் சுவர்ல..."

"திருத்தினா அவளால படிக்க முடியாது ஐயா. இது அவ சொன்னது, அதனால அவளுக்கு மனப்பாடம். மனசுல இருக்கிற பேச்சும் கண்ணுல தெரியிற எழுத்தும் ஒண்ணா இருந்தாத்தான் இது எழுத்துன்னு குழந்தைக்குப் பிடிபடும். அச்சுத் தமிழ் அடுத்த வருஷம் தானா வரும். நீங்களே கேளுங்களேன்."

கடுகு ஈரக் கையோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. ஸ்டூல் ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி, தாளின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள். விரல் ஒவ்வொரு சொல்லாக நகர, அவள் படித்தாள். சில இடத்தில் விரல் முந்தியது, வாய் பிந்தியது. அப்போது நிறுத்தி, பின்னால் போய், இரண்டையும் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

"இது தாத்தா" என்றாள். "ரெண்டு பக்கமும் தா. நடுவுல ஒண்ணுக்கு மட்டும் பொட்டு. இது அப்பா. இதுலயும் நடுவுல பொட்டு வெச்சது ஒண்ணு இருக்கு. அது நான்."

"நீயா?"

"நடுவுல நான்தான இருக்கேன்?" கோவத்தைப் படியில் வைக்கும் வரிக்கு வந்ததும் திரும்பி என்னைப் பார்த்தாள். "தாத்தா, கோவமா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூக்கு பெருசாகுது?"

டீச்சர் சட்டென்று பலகையைத் துடைக்கப் போய்விட்டாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாட்சி சொன்னதைச் சோதித்துப் பார்க்காமல் நம்புவது என் வழக்கமில்லை. அன்று மாலை, மகன் வேலையிலிருந்து வந்ததும், கடுகைக் கூப்பிட்டேன். "அவன்கிட்ட சொல்லு. தொட்டி வழிஞ்சு சுவரெல்லாம் ஊறுது. ஊரார் வீட்டு லிஃப்டெல்லாம் பாக்கிறவருக்குச் சொந்த வீட்டுத் தொட்டி கண்ணுல படாதான்னு கேளு" என்றேன். அவள் ஏறினாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறி, ஏழாவது படியில் நின்றேன்.

"அப்பா, தொட்டித் தண்ணி கீழ வருதாம். தாத்தாவால ஏற முடியாதாம். நீங்க பாத்தா உடனே சரியாயிடும்னு சொன்னாரு."

"ஏன், அதை அவரு வாயால சொன்னா முத்து உதிர்ந்திடுமா?" என்றது என் மகனின் குரல். மூன்று வருஷத்தில் எனக்காக அவன் சொன்ன ஒரு சொல்லை நான் நேராகக் கேட்டது அதுதான் முதல் முறை.

கடுகு இறங்கி வந்தாள். ஏழாவது படியில் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும். கண் இமைக்காமல், "அப்பா இதோ வராராம். உங்களை மெதுவா இறங்கச் சொன்னாரு" என்றாள்.

நீதிமன்றத்தில் இதற்குப் பொய்ச்சாட்சி என்று பெயர். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை நிர்வாகியின் அறைக்கு நான் போனபோது எல்லாரும் இருந்தார்கள். மகன் வேலை உடுப்பில், கையில் கறையோடு. மருமகள் மருந்துக்கடைக் கோட்டைக் கழற்றாமல். டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். கடுகு கால் தரையில் படாத ஒரு நாற்காலியில். கதவு திறந்தே இருந்தது. வெளியே தாழ்வாரத்தில் தங்கள் முறைக்காக ஏழெட்டுப் பெற்றோர் பெஞ்சில் காத்திருந்தார்கள். நிர்வாகி வயதில் என்னைவிட இருபது வருஷம் சின்னவர். சுத்தமான மேசை, சுத்தமான நகம்.

"ஐயா, நீங்க எதுக்குச் சிரமப்பட்டு..."

"பேத்தி" என்றேன். உட்கார்ந்தேன். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றும் அது இல்லாமல் வெளியே போவதில்லை.

நிர்வாகி கடுகைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். "நான் சொல்றதை அப்படியே சொல்லணும். 'மழை பெய்ததால் நாங்கள் விளையாடவில்லை.'"

கடுகு யோசித்தாள். "மழை நின்னதும் விளையாடலாம்" என்றாள்.

ஒரு பெருக்கல் குறி போட்டார். "'அம்மா என்னைக் கடிந்துகொண்டார்.'"

கடுகு தன் அம்மாவைப் பார்த்தாள். "அம்மாவுக்கு அன்னிக்கு வேலை ஜாஸ்தி" என்றாள்.

இன்னொரு பெருக்கல் குறி. "'சத்தம் போடும் மாணவர்கள் வெளியே நிற்க வேண்டும்.'"

அவள் நாற்காலியில் திரும்பி டீச்சரிடம் சொன்னாள். "டீச்சர், அமைதியா இருந்தா எல்லாரும் உள்ளேயே இருக்கலாமாம்."

மருமகளுக்கு இருமல் வந்துவிட்டது. நிர்வாகி மூன்றாவது குறியையும் போட்டுவிட்டு, நாலையும் ஐந்தையும் கேட்காமலே பேனாவை மூடினார்.

"பாத்தீங்களா? காதுல விழறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. குழந்தைக்குப் புரிஞ்சுக்கிற சக்தியே கம்மி. மந்தம்னு நான் சொல்லல. ஆனா வேற என்னன்னு சொல்றது? வகுப்புல உக்காந்து குடையைப் பத்திக் கதை பேசினா இப்படித்தான் ஆகும். சுவர் பூராக் கொச்சை. இது பள்ளிக்கூடமா, சந்தையா?"

"சார், அவ சொன்ன தாள் இருக்கு" என்று டீச்சர் அதை மேசையில் வைத்தாள். "பதினொரு வாக்கியம். ஒவ்வொண்ணும் அவ சொன்னது."

"இதை இந்தக் குழந்தை சொல்லியிருக்கும்னு என்னை நம்பச் சொல்றீங்களா? மூணு வரி திருப்பிச் சொல்லத் தெரியல. இது நீங்க ஜோடிச்சது." என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "ஐயா, நீங்க மதிப்பானவர். அப்பாவும் மகனும் பேசிக்காத வீடுன்னு ஒரு டீச்சர் எழுதி ஒட்டினா உங்களுக்கு எப்படி இருக்கும்? இதுல இருக்கிறது பொய்ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். தாளை இப்பவே கிழிச்சுடறேன். இந்த அம்மாவை நான் பாத்துக்கிறேன். குழந்தை சத்தமில்லாம இன்னொரு வருஷம் கீழ உக்காரட்டும். உங்க குடும்பக் கௌரவம் எனக்கும் முக்கியம்."

தாழ்வாரத்தில் பேச்சு நின்றிருந்தது. என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் நான் ஆமாம் என்று சொல்வேன் என்றுதான் நினைத்தான். இரண்டு நாள் முன்பாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"உண்மை" என்றேன்.

"என்னது?"

"அந்தத் தாள்ல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நானும் இவனும் மூணு வருஷமாப் பேசறதில்ல. நடுவுல ஓடினது இந்தக் குழந்தை. ஜோடிச்சதுன்னு நீங்க சொன்னது தப்பு."

"ஐயா, வெளியே ஆளுங்க..."

"இருக்காங்க, தெரியும்." நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். தாளை எடுத்து, நீதிமன்றத்தில் வாக்குமூலத்தைப் படித்துக் காட்டும் குரலில், முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். 'கோவத்தை' என்று எழுதியிருந்ததைக் 'கோவத்தை' என்றே படித்தேன். 'நானா சொல்லுவேன்' என்ற இடத்தில் என் குரல் கொஞ்சம் மாறியது. மாறினால் மாறட்டும் என்று தொடர்ந்து படித்தேன். கீழே தேதி போட்டு, 'படித்தேன், உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இதை எங்க இருந்து எடுத்தீங்களோ அங்கேயே ஒட்டுங்க" என்று டீச்சரிடம் கொடுத்தேன்.

"அதெல்லாம் நீங்க முடிவு பண்ண முடியாது" என்றார் நிர்வாகி. "திருப்பிச் சொல்லத் தெரியாத குழந்தையை நான் மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது. அதுதான் விதி."

"திருப்பிச் சொல்றதுதான உங்களுக்கு வேணும்? அது என் தொழில்." மடியிலிருந்த நோட்டைத் திறந்தேன். அவர் வாய் திறந்ததிலிருந்து என் பென்சில் நிற்கவில்லை. "கேளுங்க. 'குழந்தைக்குப் புரிஞ்சுக்கிற சக்தியே கம்மி. மந்தம்னு நான் சொல்லல. ஆனா வேற என்னன்னு சொல்றது?' குழந்தையை எதிர்ல வெச்சுக்கிட்டுச் சொன்னது. 'இதுல இருக்கிறது பொய்ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். தாளை இப்பவே கிழிச்சுடறேன். இந்த அம்மாவை நான் பாத்துக்கிறேன்.' இதுவும் நீங்கதான். ஒரு எழுத்து கூடக் கூட்டல, குறைக்கல. முப்பத்தாறு வருஷத்துல என் குறிப்பு தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

நிர்வாகி பேனாவைத் திறந்தார், மூடினார்.

"இதைக் கல்வி அலுவலகத்துக்கு அப்படியே தட்டச்சு செஞ்சு அனுப்பட்டுமா?" என்றேன். "இல்ல, என் பேத்தி மாதிரி மாத்திச் சொல்லட்டுமா? அவ மாத்திச் சொன்னா நீங்க நல்லவராத் தெரிவீங்க."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு.

"அமைதியா இருந்தா எல்லாரும் உள்ளேயே இருக்கலாம்னு சொன்னாளே, அது என்னன்னு நினைச்சீங்க?" என்றேன். "நீங்க மிரட்டினதைக் கேட்டா. அது மிரட்டல்னு புரிஞ்சுக்கிட்டா. அதுல வலிக்கிறதை எடுத்துட்டு மிச்சத்தை டீச்சர்கிட்ட கொடுத்தா. எனக்கு எழுபத்திரண்டு வயசு. எனக்கு அது வராது. உங்களுக்கு வருமா?"

டீச்சர் மேசைக்கு அருகே வந்தாள். "நாலாவது, அஞ்சாவது வாக்கியத்தை நான் கேக்கலாமா சார்? திருப்பிச் சொல்ல இல்ல. புரிஞ்சதான்னு."

கேட்டாள். கடுகு பதில் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். நடுவில் நிர்வாகியின் சட்டைப் பொத்தானைப் பற்றியும் ஒரு கருத்து வந்தது. நிர்வாகி அட்டையில் பெருக்கல் குறிகளை அடித்துவிட்டு 'தேர்ச்சி' என்று எழுதினார். எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினார். எனக்கு அவர் மனம் மாற வேண்டியதில்லை, கை மாறினால் போதும்.

"பேச்சு வகுப்பு அரை மணிக்கு மேல நடக்கக் கூடாது" என்றார் டீச்சரிடம்.

"முக்கால் மணி சார்" என்றாள் அவள். "இப்ப முக்கால் மணிதான் நடக்குது." தாளை எடுத்துக்கொண்டு, அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அந்தப் பெண்ணிடம் எனக்கு மரியாதை வந்தது.

வெளியே வந்தோம். வாசலில் மற்றப் பெற்றோர்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள். பார்க்காததுபோல் பார்த்தார்கள். மகன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, வழக்கம்போலக் குனிந்து கடுகிடம் சொன்னான்.

"தாத்தாகிட்ட சொல்லு, நான் கொண்டு போய் விடறேன், ஏறிக்கச் சொல்லு."

கடுகு அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பக்கத்துலதான நிக்கிறாரு. நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள். வேலையை ராஜினாமா செய்ய அவள் யாரையும் கேட்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.

மகன் நிமிர்ந்தான். அவன் நெற்றியோரம் நரைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஏறுங்க" என்றான்.

"மூணு வருஷம்" என்றேன். "ஒரு தடவை கூட என் கால் எப்படி இருக்குன்னு நீ கேக்கல."

"பேசாதேன்னு சொன்னது யாரு?"

"சொன்னா கேட்டுடறதா? வேலையை விடாதேன்னு சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

"அந்த வேலையில சேரும்போதே நீங்க என்னைக் கேக்கலையே! பிடிச்சிருக்கான்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

"டிரைவர் சொல்லித் தெரிஞ்சுக்கணுமா நான்? என் பிள்ளையைப் பத்தி டிரைவரா எனக்குச் சொல்றது?"

"வேற யாரு சொல்ல முடியும் உங்ககிட்ட? வாயைத் திறந்தா தீர்ப்புதான வரும்!"

அவன் குரல் உயர்ந்தது, என் குரலும் உயர்ந்தது. பள்ளிக்கூட வாசலில், பட்டப்பகலில், என் குடும்பத்தில் இதுவரை நடக்காதது நடந்தது. மருமகள் பக்கத்தில் வந்து, "மாமா, எல்லாரும் பாக்கிறாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

"பாக்கட்டும்மா" என்றேன். "நான் இன்னும் முடிக்கல."